வல்லை வெளியில் நாங்கள் பதினொரு பேர்

சனம் ஏற்றி ஓடும் அந்த வானில் பயணிகள் பதினொரு பேர் இருந்தோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னாளில் இந்தச் சம்பவத்தைக் கதைத்தவர்கள் எல்லோரும் வான் தனியாக வந்து தனியாகப் போனதுபோலவே கதைத்தார்கள். சாரதியைப் பற்றிச் சொன்னார்கள். முதலாளியைப் பற்றிச் சொன்னார்கள். செத்துப்போனவரைப் பற்றியும் இல்லாததையெல்லாம் சொன்னார்கள். உள்ளே இருந்த எங்களைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு. எனக்கு இருபத்து நான்கு வயது. வீடு அச்சுவேலியில். உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். அப்பா இறந்து ஆறு வருடமாகியிருந்தது. அண்ணைக்கு அரபு நாட்டில் வேலை. வீட்டில் அம்மாவும் மகளான நானும்தான். காலையில் வானில் போய், பாடசாலை விட்டதும் வானில் திரும்புவேன். அந்தப் பாதையில் ஓடிய வான்கள் மூன்றோ நான்கோதான். சாரதிகளுக்கு எங்களையும் எங்களுக்குச் சாரதிகளையும் தெரியும்.

அன்று பின்னேரம் இரண்டு மணி இருக்கும். நான் கடைசி இருக்கையில் இருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் பாடசாலை உப அதிபர். அவருக்குப் பக்கத்தில், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு பெண், காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் போட்டபடி இருந்தாள். மற்றவர்களை முகம் தெரியும், பெயர் தெரியாது. எங்களுக்கு முன்னால் இன்னொரு வான் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தினால்தான் அச்சுவேலிச் சந்தியில் நிற்கிற சனத்தை ஏற்றலாம். வல்லைச் சந்தி தாண்டியதும் எங்கள் சாரதி வேகத்தைக் கூட்டினார். வல்லை வெளியில் வீடு கிடையாது, மதில் கிடையாது, நாய்கூடக் குறுக்கே வராது. அங்கே எல்லோரும் அப்படித்தான் ஓடுவார்கள்.

தெருவோரமாக ஒருவர் சைக்கிளில் போனார். பின்காரியரில் குறுக்காக ஒரு பெரிய பூவரசங்குழைக் கட்டு. தோட்டத்தில் பசளையாகப் புதைப்பதற்குக் கொண்டுபோகிற குழை. கட்டு அகலமாக இருந்ததால் பின்னாலிருந்து பார்த்தபோது மனிதரே தெரியவில்லை. பச்சை மூட்டையொன்று தானாக உருண்டு போவதுபோல இருந்தது. சாரதி கோர்ன் அடித்தார். அந்த மனிதர் ஒதுங்கத்தான் பார்த்தார். ஒதுங்குவதற்குள் வானின் இடது பக்கம் குழைக்கட்டில் பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சீலை கிழிவதுபோல ஒரு சத்தம்தான்.

கொஞ்சத் தூரம் போய் வான் நின்றது. சாரதியும் கொண்டக்டரும் இறங்கிப் பின்னால் நடந்தார்கள். நான் பின் கண்ணாடியால் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் அவர் சரிந்து கிடந்தார். சைக்கிள் ஒரு பக்கம், குழை தெரு முழுக்க. அவர்கள் இருவரும் அவருக்குக் கிட்டப் போகவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி நடந்தபோது, விழுந்து கிடந்தவரின் வலது கை மெல்ல எழும்பி, பக்கத்து நிலத்தைத் தடவியது. எதையோ தேடுகிறவரைப்போல. பிறகு விழுந்தது. மறுபடியும் எழும்பியது. இரண்டு தரம். நான் எண்ணினேன்.

கொண்டக்டர் ஏறினார். "ஆள் முடிஞ்சுது" என்றார்.

சாரதி தன் இருக்கையில் இருந்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பொலிஸ், கோடு கச்சேரி எண்டு அலைய என்னாலை ஏலாது. இஞ்சை இருக்கிறது எல்லாம் எங்கடை ஆக்கள்தானே. ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை. இறங்க விருப்பமான ஆக்கள் இறங்கலாம்."

ஒருவரும் இறங்கவில்லை. நான் முன்னால் குனிந்து உப அதிபரிடம் சொன்னேன். "சேர், கை அசைஞ்சது. நான் கண்டனான்."

அவர் திரும்பவில்லை. "பேசாமல் இரும் பிள்ளை. இறங்கி நாங்கள் என்ன செய்யிறது? நாங்கள் என்ன டாக்குத்தர்மாரே?"

நான் பேசாமல் இருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். வான் வெளிக்கிட்டது. அச்சுவேலி வரும்வரை குழந்தையின் சிணுங்கலைத் தவிர உள்ளே சத்தமில்லை. சந்தியில் இறங்கி, எல்லோரும் எல்லா நாளும் போல அவரவர் பாட்டில் நடந்தோம்.

வீட்டில் அம்மா சோறு போட்டுத் தந்தார். சாப்பிட்டேன். முருங்கைக்காய்க் கறியும் சொதியும். பசி என்னை ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது வாளியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"கண்டது உன்னோடை இருக்கட்டும்" என்றார். "ஆரிட்டையும் மூச்சு விடாதை."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லைக்குப் போனேன். மதகடியில் சைக்கிள் கிடந்தது. குழையை இரண்டு மாடுகள் தின்றுகொண்டிருந்தன. ஆளில்லை. வாய்க்காலில் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டு கரைக்கு ஏறி வந்தார்.

"உங்கடை சொந்தமோ பிள்ளை?"

"இல்லை. ஆள் எங்கை?"

"உழவு மெசின்காரன் ஒருத்தன் இப்பத்தான் ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போறான். நான் வந்து பாக்கேக்கை உயிர் இருந்தது. தண்ணி கேட்டவர். குடுத்தனான்." அவர் வலையை உதறினார். "ஒரு மணித்தியாலத்துக்கு மேலை கிடந்திருக்கிறார். எத்தினை வாகனம் போயிருக்கும்."

அன்றிரவே அவர் இறந்துவிட்டார். மறுநாள் காலையில் சந்தியில் கதை தயாராக இருந்தது. குடித்துவிட்டு, தாங்க முடியாத பாரத்தை ஏற்றிக்கொண்டு போய், மதகில் விழுந்துவிட்டாராம். பால் வாங்க வந்த ஒருவர் சொல்ல, கடைக்காரர் தலையாட்டினார். அதில் வானே இல்லை. ஒரு இரவுக்குள் வானைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். மரண விசாரணை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நடக்கும் என்றும் அங்கேதான் கேள்விப்பட்டேன். நான் அன்று பாடசாலைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பிணவறைக்கு முன்னால் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மரண விசாரணை அதிகாரி வயதானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். இறந்தவரின் மனைவி நிலத்தில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். அழுது முடித்துவிட்ட முகம். அவருடைய தம்பி பக்கத்தில் நின்றார். அதிகாரி தம்பியிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். "குடிக்கிற பழக்கம் இருக்கோ?" "எப்பவாவது ஐயா." அதை எழுதினார். பிறகு பேனையை மூடப் பார்த்தார்.

"ஐயா, நான் கொஞ்சம் சொல்லவேணும்" என்றேன்.

"நீர் ஆர்? உறவோ?"

"இல்லை ஐயா. இவரை ஒரு வான் மோதினது. நான் அந்த வானுக்குள்ளை இருந்தனான்."

எழுந்து போக இருந்தவர்கள் நின்றார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, யோசிச்சுச் சொல்லும். நான் எழுதினால் பேந்து அழிக்கேலாது."

"அழிக்கக் கூடாதெண்டுதான் வந்தனான்."

அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். எந்த வான், எந்த இடம், எத்தனை மணி, சாரதி என்ன சொன்னார், கை எத்தனை தரம் அசைந்தது. உப அதிபரிடம் சொன்னதையும் அவர் எனக்குச் சொன்னதையும் சொன்னேன். "நேற்றே ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். "பயந்து போனன்" என்றேன். அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன்.

திரும்பியபோது அந்த மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வானுக்குள்ளை இருந்தனீயோ பிள்ளை?"

"ஓம் அக்கா."

"அப்ப உயிர் இருந்ததோ?"

"ஓம்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு, கோபம் இல்லாமல், ஏதோ வழி கேட்கிற குரலில் சொன்னார். "இறங்கியிருக்கலாம்தானே."

நான் எதிர்பார்த்துப் போனது அதுவல்ல. நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்திருக்கிறேன் போல. ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஆனால் ஒன்று மட்டும் அங்கே தெளிவாகிவிட்டது. ஒரு தரம் வாயை மூடியிருந்ததற்கு ஒரு தரம் வாயைத் திறந்து ஈடு கட்ட முடியாது. இனி இதை எங்கே கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மறுநாள் சந்தியில் வான் எனக்கு நிற்கவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை. அந்தப் பாதையில் ஓடிய வான்காரர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள். நான் சைக்கிளில் போனேன். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு வல்லை வெளியில் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு மிதித்தேன். வான்கள் என்னைக் கடக்கும்போது கோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஒரு நாள்கூட நான் இறங்கி வழிவிடவில்லை.

வான் முதலாளி வீட்டுக்கு வந்தார். சந்தையடியில் கடை வைத்திருந்தவர், அப்பாவைத் தெரிந்தவர். கதிரையில் இருந்து அம்மாவிடம்தான் கதைத்தார், என்னிடம் அல்ல.

"தங்கச்சி, உங்கடை அவர் இருந்திருந்தால் நான் இந்தப் படலைக்கு வரவேண்டி வந்திராது. பிள்ளை படிச்ச பிள்ளை. ஆனால் உலகம் தெரியாது. அந்த ஆக்கள் குடிச்சிட்டுத் தெருவிலை விழுறது புதினமே? அதுக்குப் போய்..."

"எந்த ஆக்கள்?" என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். எந்த ஆக்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த மனிதரின் சாதியில் ஒருவர் எங்கள் வீட்டில் இந்தக் கதிரையில் இருந்திருக்க மாட்டார். அதுவும் மூவருக்கும் தெரியும்.

"இன்னொண்டும் இருக்குத் தங்கச்சி" என்று குரலைத் தாழ்த்தினார். "பொலிசுக்காரனுக்கு முன்னாலை நிண்டு கையெழுத்து வைச்சிருக்கிறா. பொலிசோடை தொடர்பெண்டு பொடியளின்ரை காதிலை ஆரும் போட்டால் என்ன நடக்கும்? நான் போடமாட்டன். ஆனால் ஊர்வாயை மூடேலுமே?"

அம்மாவின் முகம் வெளுத்தது. பொடியள் என்றால் துவக்கு எடுத்த இயக்கக்காரர்; அந்த நாட்களில் அது வெறும் சொல் இல்லை. காட்டிக்கொடுப்பவர் என்ற பெயர் ஒருவர்மேல் விழுந்தால் விசாரித்துப் பார்க்க ஆளில்லை. முடிவை, மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட உடலாகத்தான் காண்போம்.

எனக்கும் பயம்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களே போய்ச் சொல்லுங்கோ முதலாளி" என்றேன். "அவையள் வந்து கேட்டால் அவையளுக்கும் இதைத்தான் சொல்லுவன். பொலிசுக்கு ஒரு கதை, பொடியளுக்கு ஒரு கதை, ஊருக்கு ஒரு கதை எண்டு என்னட்டை இல்லை. ஒரு கதைதான் இருக்கு."

அவர் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா படலையைச் சாத்திவிட்டு வந்து என்னோடு சண்டை பிடித்தார்.

"உன்னை ஆரும் இழுத்துக்கொண்டு போனால் நான் ஆரிட்டைச் சொல்லி அழுறது?"

"அந்த மனிசி ஆரிட்டைச் சொல்லி அழுதவா அம்மா?"

"அவ எனக்குப் பிள்ளையே? நீதான் எனக்குப் பிள்ளை."

அந்த நியாயத்தை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்காமலே என் பாட்டில் போனேன். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

பாடசாலையில் உப அதிபர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். மரண விசாரணையில் நான் அவரைக் குறிப்பிட்டதால் பொலிசார் அவரிடம் வாக்குமூலம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளையில், ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கும்போது, அவரே பேச்சைத் தொடங்கினார். எல்லோரும் கேட்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்.

"ரீச்சர், இந்த நாட்டிலை இப்ப நாளுக்கு எத்தினை சனம் சாகுது. வீடுகள் எரியுது, பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள். அதுக்குள்ளை ஒரு றோட்டு விபத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். உமக்கு ஒரு அளவு தெரியவேண்டாமே?"

நான் இதை வழியெல்லாம் யோசித்திருந்தேன். வல்லைக் காற்றில் மிதிக்கும்போது வேறென்ன வேலை. "சேர், துவக்கு வைச்சிருக்கிறவன் செய்யிற கொலைக்கு நாங்கள் வாய் திறக்கேலாமல் இருக்கிறம். அது விளங்குது. இந்த றைவரிட்டை என்ன துவக்கே இருந்தது? அவன் இறங்கலாம் எண்டுதானே சொன்னவன். அப்பவும் ஒருத்தரும் இறங்கேல்லை. இதுக்கே வாய் திறக்காட்டில், பேந்து எதுக்குத் திறக்கப் போறம்?"

"ஆர் இறங்கேல்லை? நான் அந்த வானிலை வரவே இல்லை" என்றார் அவர்.

பத்துப் பதினைந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். அன்று அவரும் நானும் ஒன்றாக ஓடிப்போய் வான் பிடித்ததைக் கண்டவர்கள் அதில் நான்கு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் கொப்பியைத் திருத்தத் தொடங்கினார். ஒருவர் யன்னலைப் பார்த்தார். நான் எழுந்து வகுப்புக்குப் போனேன். அன்று பத்தாம் வகுப்புக்கு என்ன படிப்பித்தேன் என்று நினைவில்லை. சோக்கட்டி இரண்டு தரம் முறிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த கிழமை எங்கள் படலையில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. ஒரே சொல், சிவப்பு மையில். முதலாளி சொல்லாமல் சொல்லிவிட்டுப் போன சொல்: காட்டிக்கொடுப்பவள். அம்மாதான் காலையில் முதலில் கண்டார். அதைக் கிழித்து எடுத்து என் கையில் தந்தார். அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் பாடசாலைக்குப் படம் கீற வாங்கி வைத்திருந்த பெரிய மட்டைகளில் மூன்றை எடுத்தேன். மூன்றிலும் ஒன்றையே எழுதினேன். "வல்லை வெளியில் சைக்கிளில் வந்த மனிதரை வான் ஒன்று மோதியது. உயிரோடு இருந்தவரை விட்டுவிட்டு வந்தோம். வானில் பயணிகள் பதினொரு பேர் இருந்தோம். முதலாவது ஆள் நான்." அதற்குக் கீழே என் முழுப்பெயர், வேலை, வீட்டு விலாசம். அதற்கும் கீழே இரண்டு முதல் பதினொன்று வரை இலக்கம் போட்டு வெறும் கோடுகள். கடைசியில், "மற்றவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதவும்."

எழுதி நிமிர்ந்தபோது அம்மா அடுப்படியில் கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. "தண்ணியாப் போச்சு, இன்னும் கொஞ்சம் இறுகட்டும்" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகும் எங்களுக்குள் நாலு வார்த்தைக்கு மேல் பேச்சில்லாமல் இருந்தது. அந்தப் பசைச் சட்டியோடு அது முடிந்தது.

சனிக்கிழமை சந்தை கூடுகிற நாள். காலை ஒன்பது மணிக்கு, சந்தைக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்துச் சுவரில், சனம் பார்த்துக்கொண்டு நிற்க, முதலாவது மட்டையை ஒட்டினேன். கத்தரிக்காய் விற்ற பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசித்தார். மத்தியானத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். பின்னேரம் இரண்டாவதை ஒட்டினேன். அது ஞாயிறு காலையில் இல்லை. மூன்றாவதை ஒட்டினேன். அது நின்றது. கிழிப்பவருக்குக் கை சலித்ததோ, பார்க்க ஆள் கூடிவிட்டதோ தெரியாது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வரும்போது சந்தியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது கோட்டில் பென்சிலால் மெல்லிய எழுத்தில் "நானும்" என்று இருந்தது. பெயரில்லை.

இரண்டு நாளில் அவளே வந்தாள். எங்கள் ஒழுங்கைப் பெண், குழந்தையோடு வானில் இருந்தவள். பின் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

"ரெண்டாவது நான்தான் ரீச்சர்" என்றாள். "பேர் எழுதப் பயம். இவர் அடிப்பார். ஆனால் நீதவான் கேட்டால் சொல்லுவன். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கிடந்தது. கெதியாப் போகோணும் எண்டு மட்டும்தான் அப்ப நினைச்சனான். நீங்கள் சேரிட்டைச் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டும் கேக்காத மாதிரி இருந்தனான்."

"நானும் சொல்லிப்போட்டு இருந்திட்டன்தானே" என்றேன்.

வழக்கு எடுக்கப்பட்டது. நீதவான் முன்னால் நாங்கள் இருவரும் சாட்சி சொன்னோம். அவள் புருஷன் அடிக்கவில்லை. சைக்கிளில் கூட்டிவந்து, கோட்டு வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னைப் பார்த்து, முதலாளியோடு என் குடும்பத்துக்குப் பழைய பகை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சாரதியோடு பகையா என்றார். "அவர் எனக்கு எத்தினையோ நாள் வானை நிப்பாட்டி வைச்சு ஏத்தினவர். நல்ல மனிசன் எண்டுதான் நினைச்சிருந்தனான்" என்றேன். அது உண்மை. சாரதி கூண்டில் தலை குனிந்தபடி நின்றார். கொண்டக்டர் கடைசியில், தாங்கள் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். உப அதிபரை அழைத்தார்கள். சுகமில்லை என்று கடிதம் வந்தது.

தீர்ப்பு வரவில்லை. வழக்கின் மூன்றாவது தவணைக்குச் சாரதி நாட்டில் இல்லை. எங்கோ ஐரோப்பாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த வருடம் சண்டை முற்றி, பொலிஸ் நிலையங்களிலிருந்து பொலிசார் வெளியே வருவதே நின்றது. கோட்டுக் கட்டடம் இருந்தது, வழக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். "கடைசியிலை என்ன கண்டனீர்?" என்று. கண்டது இதுதான். மரணச் சான்றிதழில் குடித்துவிட்டு விழுந்தார் என்று எழுதப்படவில்லை. வாகனம் மோதி மரணம் என்று இருக்கிறது. அவருடைய பிள்ளைகளுக்கு அந்தக் கடதாசிதான் மிஞ்சியது. தகப்பன் எப்படிச் செத்தார் என்று பொய்யில்லாமல் சொல்கிற கடதாசி. அது போதுமா என்று கேட்டால் போதாது. நான் சொல்லாவிட்டால் அதுவும் இருந்திராது.

பொடியள் என்னிடம் வரவில்லை. யாரும் அவர்களிடம் சொல்லவில்லையோ, சொல்லியும் அவர்களுக்கு என்னைப் பார்க்க நேரமில்லையோ. எனக்குப் பேசி வைத்திருந்த ஒரு கலியாணம் குழம்பியது. "வாய்காரி" என்றார்களாம். அம்மா அதைச் சொன்னபோது சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து உப அதிபர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் சார்பில் பேசும்படி என்னையே கேட்டார்கள். பழையதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் ஒப்புக்கொண்டேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். அவருக்கு மாலை போட்டிருந்தார்கள். அவருடைய நேரந்தவறாமையைப் பற்றிச் சொன்னேன். அவர் படிப்பித்த இலக்கணத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டும் உண்மை. பிறகு சொன்னேன்: "ஒரு நாள் வானில் நான் கண்டதைச் சொன்னபோது, பேசாமல் இருக்கும்படி சேர் எனக்குச் சொன்னார். அதை நான் கேட்டு நடந்தேன். ஒரு மனிதர் இறந்துபோனார். பிள்ளைகளே, அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் கேளுங்கள். அதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்."

அதிபர் எழுந்து நின்றார், மறுபடி இருந்தார். கைதட்டவா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. உப அதிபர் ஏற்புரையில், எழுதி வைத்திருந்ததை ஒரு சொல் விடாமல் வாசித்தார். நான் பேசியதே அவர் காதில் விழாததுபோல. என்னோடு ஒரு வருடம் வரை சில ஆசிரியர்கள் கதைக்கவில்லை. வயதான மனிதரைச் சபையில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றார்கள். இருக்கலாம். நான் அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

அந்த மனைவியை இடைக்கிடை போய்ப் பார்ப்பேன். அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. பிரியாவிடை முடிந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். நான் போனபோது முற்றத்தில் வெங்காயம் பிடிகட்டிக்கொண்டிருந்தார். கூலிக்கு எடுத்த வேலை.

"உங்கடை பள்ளிக்கூடத்திலை இருந்து பென்சன் எடுத்த ஆள் ஒருத்தர் வந்தவர்" என்றார். "வெள்ளை வேட்டி, குடையும் கையுமா. படலைக்கு வெளியாலையே நிண்டார். தானும் வானுக்குள்ளை இருந்ததாம் எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னனியள் அக்கா?"

"என்னத்தைச் சொல்லுறது. உள்ளுக்கு வரச் சொல்லேல்லை. கேட்டுக்கொண்டு நிண்டன். வேறை ஏதும் சொல்லுவார் எண்டு பாத்தன், சொல்லேல்லை. போயிட்டார்." ஒரு பிடியை முறுக்கிக் கட்டி வைத்தார். "இப்ப உதிலை நிக்காமல் இரு பிள்ளை."

விரித்துக் கிடந்த சாக்கில் இருந்தேன். கொஞ்சம் வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். தாளைச் சேர்த்துப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து நானும் கட்டத் தொடங்கினேன்.

"அவர் வந்து சொன்னது உங்களுக்குப் போதுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"காணாது" என்றார் உடனே. "ஆனால் சொல்லட்டும். மிச்ச ஆக்களும் வந்து சொல்லட்டும். ஒவ்வொருத்தராச் சொல்லட்டும். நான் இஞ்சைதான் இருப்பன், எங்கையும் போகமாட்டன்."